டிரைவர் மோடை மாற்றினால் ஒலியின் தரம் மாறுமா?

கேள்வி: "லேப்டாப்பில் ஃபூபார்2000 என்ற ப்ளேயர் வைத்துப் பாட்டுக் கேட்கிறேன். இதுவரை டைரக்ட்சவுண்டில் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் வாசாபி எக்ஸ்க்ளூசிவுக்கு மாற்றினேன். வீணையின் மீட்டு தனியாகத் தெரிகிறது, தம்புரா பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அறையில் கூட இருப்பவன் எல்லாம் மனப்பிரமை என்கிறான். மோட் மாற்றினால் தரம் மாறுமா, மாறாதா?"

3 மார்ச், இரவு 10:40

மோடுக்கென்று தனி ஒலி கிடையாது. டைரக்ட்சவுண்ட், வாசாபி, ஏசியோ, கெர்னல் ஸ்ட்ரீமிங் எல்லாமே ப்ளேயர் தரும் எண்களை வாங்கி, அவற்றை ஒலியாக மாற்றும் டாக்கிடம் சேர்க்கும் வழிகள்தான். வழியில் யாராவது அந்த எண்களைத் தொட்டால் ஒலி மாறும். தொடாவிட்டால் மாறுவதற்கு அங்கே எதுவுமில்லை.

விண்டோஸ் ஷேர்டு மோடில், அதாவது எல்லா நிரல்களும் ஒரே சாதனத்தைப் பகிரும்போது, எண்களைத் தொட ஒரு கூட்டமே காத்திருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டைரக்ட்சவுண்டும் அதே ஆடியோ எஞ்சின் வழியாகத்தான் போகிறது. அந்த எஞ்சின் முதலில் எல்லாவற்றையும் 32 பிட் ஃப்ளோட்டாக மாற்றும். பாட்டின் சாம்பிள் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை எண்கள் என்பது) சவுண்ட் செட்டிங்ஸில் நீங்கள் வைத்திருக்கும் ரேட்டும் வேறானால் ரீசாம்பிள் செய்யும், அதாவது எண்களைப் புது ரேட்டுக்கு மறுகணக்கிடும். பிரவுசர், நோட்டிஃபிகேஷன் சத்தம் எல்லாவற்றையும் கூட்டும். லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்த எஃபெக்ட் இருந்தால் அதையும் பூசும். கடைசியில் உச்சத்தை அமுக்கும் ஒரு லிமிட்டர். எக்ஸ்க்ளூசிவில் ப்ளேயர் மட்டுமே சாதனத்தைப் பிடித்துக்கொள்வதால் இவ்வளவும் கழன்றுவிடும்.

ஆகவே நீங்கள் கேட்ட வித்தியாசம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தந்தது எக்ஸ்க்ளூசிவின் மேன்மை என்று முடிவு கட்டாதீர்கள். ஷேர்டில் எதுவோ குறுக்கே நிற்கிறது. அது எது என்று பிடித்துவிடலாம். மூன்று தகவல் வேண்டும்: ஹெட்போன் எதில் சொருகியிருக்கிறது, டீஃபால்ட் ஃபார்மட் என்ன, எஃபெக்ட் ஏதாவது ஆன் ஆகியிருக்கிறதா.

4 மார்ச், காலை 7:15

மோட் மாற்றினால் ஒலி மெருகேறும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டதால் கொஞ்சம் பழங்கதை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கேமிக்சர் என்று ஒன்று விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. நிரல்களின் ஒலியைக் கலப்பதும் ரேட் மாற்றுவதும் அதன் வேலை. அது போகும் பாதையில் எண்கள் அப்படியே டாக் வரை போய்ச்சேரும் என்று நம்பி உட்கார முடியாது. ஏசியோவை 1997-இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்தது ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக, தாமதத்தைக் குறைக்க. அது கேமிக்சரைச் சுற்றிக்கொண்டு போனதால் வீட்டில் பாட்டுக் கேட்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனை.

ஆனால் அப்போதும் ஒரு கணக்கு விட்டுப்போனது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு நினைவிருக்கிறதா? 1998-இல் வந்தது, நம் ஊரில் அசெம்பிள் செய்த கணினிகளிலும் நிறைய இருந்தது. அதன் சிப் உள்ளுக்குள் 48 கிலோஹெர்ட்ஸில் மட்டும் ஓடும். சிடியின் 44.1-ஐக் கொடுத்தால் கார்டே 48 ஆக்கிக்கொள்ளும். ப்ளேயரில் என்ன மோட் போட்டாலும் அந்த மாற்றத்திலிருந்து தப்ப முடியாது. மென்பொருளைச் சுத்தப்படுத்திவிட்டோம் என்று நம்பி, ஹார்டுவேரில் நடப்பதைப் பார்க்காமல் விட்டவர்கள் ஏராளம்.

விஸ்டா 2007 ஜனவரியில் கடைக்கு வந்தபோது கேமிக்சரின் இடத்துக்குப் புது எஞ்சின் வந்தது. வாசாபியும் அதோடு வந்ததுதான். எக்ஸ்பிக்கு எழுதிய அறிவுரையை இன்றைய விண்டோஸுக்கு அப்படியே ஒப்பிப்பதில் பொருளில்லை.

4 மார்ச், இரவு 9:50

கேட்டவர் தகவல் கொடுத்துவிட்டார். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஜாக், உள்ளே ரியல்டெக் சிப், 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட். கூடவே கம்பெனி போட்ட "ஒலி மேம்பாட்டு" ஆப் ஒன்று, வாங்கிய நாளிலிருந்து ஆனில் இருக்கிறது, "மியூசிக்" என்ற ப்ரீசெட்டில்.

அதுதான். வேறு எங்கும் தேட வேண்டாம்.

இதே கதை என் நண்பர் வீட்டில் நடந்தது. அவர் மிருதங்கம் படிப்பவர், காது நல்ல காது. லேப்டாப்பில் தொப்பிப் பக்கம் பொதபொதவென்று வீங்குகிறது, வலந்தலையின் நாதம் இரண்டு பக்கமும் சிதறுகிறது, அதே ஹெட்போனை போனில் போட்டால் சரியாக இருக்கிறது என்றார். எக்ஸ்க்ளூசிவ் போட்டதும் எல்லாம் சீரானது. "டிரைவர் மோட்தான் உயிர்" என்று முடிவுசெய்து, அடுத்து ஒரு விலையுயர்ந்த டாக் வாங்கக் கிளம்பிவிட்டார். நான் போய் அந்த ஆப்பைத் திறந்தேன். கீழ்சுருதியைத் தூக்கும் ஈக்வலைசர், ஸ்டீரியோவை அகட்டும் எஃபெக்ட், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் கம்ப்ரெஷன், மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றையும் நிறுத்திவிட்டு ஷேர்டிலேயே போட்டுக் காட்டினேன். அவர் கேட்ட குறை எதுவும் இல்லை. டாக் வாங்கும் காசை மிச்சப்படுத்தி நல்ல ஹெட்போன் வாங்கினார். அது சரியான செலவு.

இந்த எஃபெக்ட்கள் லேப்டாப்பின் நெத்திலி ஸ்பீக்கருக்காகச் செய்தவை. அந்த ஸ்பீக்கரில் அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. ஹெட்போனில் அவை இசையைக் கெடுக்கின்றன. வாசித்தவர் விரலில் இருந்த எடையை யாரோ ஒரு ப்ரீசெட் மாற்றி எழுதுவதை நான் ஏற்கத் தயாராக இல்லை. ஆப்பில் மட்டும் ஆஃப் செய்தால் போதாது, விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் அந்தச் சாதனத்தின் பக்கத்துக்குப் போய் ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸையும் ஆஃப் செய்யுங்கள்.

5 மார்ச், காலை 6:30

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எஃபெக்ட் எல்லாமே எக்ஸ்க்ளூசிவில் கழன்றுவிடும் என்று உறுதி கிடையாது. எஞ்சினுக்குள் உட்காரும் எஃபெக்ட் கழன்றுவிடும். சில கணினிகளில் வேலை சிப்பிலேயோ டிரைவரிலேயோ நடக்கிறது, அது எந்த மோடிலும் கூடவே வரும். ஆப்பை ஆஃப் செய்வதுதான் முதல் வேலை, மோட் மாற்றுவது அப்புறம்.

6 மார்ச், இரவு 11:20

"அளந்து காட்டாமல் பேசாதே" என்கிறார் ஒருவர். சரியான கோரிக்கை. நான் செய்ததைச் சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம்.

டெஸ்க்டாப்பின் ஆப்டிக்கல் அவுட்டிலிருந்து ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினியில் பதிவுசெய்ய உதவும் பெட்டி) ஆப்டிக்கல் இன்னுக்கு ஒரு கேபிள். இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை வெளி மூலத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கடிகாரமும் மெல்ல விலகிப் பதிவு வீணாகும். ஒரே பாட்டை ஒவ்வொரு மோடிலும் ஓடவிட்டு 24 பிட்டில் பதிவுசெய்தேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் நிரலில் மூலக் கோப்பையும் பதிவையும் ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் நேர் வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டினேன். ஒன்றேயானால் மிச்சம் பூஜ்யம்.

எக்ஸ்க்ளூசிவில் மிச்சம் பூஜ்யம். முழுப் பூஜ்யம். ஏசியோவிலும் அப்படியே. இரண்டும் கொடுப்பது ஒரே எண்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே "ஏசியோ கொஞ்சம் இனிமை" என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஷேர்டில், பாட்டின் ரேட்டும் செட்டிங்ஸின் ரேட்டும் 44.1 என்று ஒன்றாக வைத்து, 24 பிட், வால்யூம் முழுசு, எஃபெக்ட் ஆஃப். வீணைப் பதிவில் மிச்சம் அளவுகோலின் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வால்யூமை எவ்வளவு திருகினாலும் இசைக்கு நடுவே காதுக்கு வராத அளவு.

அப்புறம் புதிய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டேன். அங்கேதான் சுவாரசியம். பெரும்பகுதி அதே அமைதி, ஆனால் டிரம் அடி விழும் இடமெல்லாம் மிச்சத்தில் முள் முள்ளாக எழுந்தது. காரணம் லிமிட்டர். பல நிரல்களின் ஒலி கூடும்போது உச்சவரம்பைத் தாண்டிக் கிழியக் கூடாது என்பதற்காக விண்டோஸ் வைத்திருப்பது. இப்போதைய பாட்டுகளை உச்சவரம்பு வரை ஏற்றித்தான் மாஸ்டர் செய்கிறார்கள், அதனால் ஒரு பாட்டு தனியாக ஓடும்போதே லிமிட்டர் கை வைக்கிறது. ப்ளேயரின் வால்யூமை ஒரு டெசிபல் இறக்கினேன், மூலக் கோப்பையும் அதே அளவு இறக்கி ஒப்பிட்டேன். முள் மறைந்துவிட்டது. ப்ளேயரில் பாட்டுகளின் சத்தத்தைச் சமமாக்கும் ரீப்ளேகெயின் வைத்திருப்பவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும்.

ரேட் வேறானால் இந்தச் சோதனை செல்லாது, சாம்பிள்கள் ஒன்றுக்கொன்று நேர் நிற்காது. அதற்கு ஒற்றைச் சுருதி டோனை ஓடவிட்டு ஸ்பெக்ட்ரம் பார்க்க வேண்டும்.

7 மார்ச், மதியம் 1:05

ஷேர்டில் 24 பிட் ஏன் என்று கேட்டவருக்கு. 16 பிட்டின் அடி இரைச்சல் உச்ச அளவுக்குச் சுமார் 96 டெசிபல் கீழே, 24 பிட்டில் 144 கீழே. எஞ்சின் செய்யும் கணக்கின் மிச்சம் மீதி எல்லாம் அந்த ஆழத்தில் போய் விழட்டும். உங்கள் பாட்டு 16 பிட்தான் என்பது பரவாயில்லை.

7 மார்ச், இரவு 10:30

ஆப்டிக்கல் கேபிளும் பழைய ஏவி ரிசீவரும் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்) இருந்தால் ஆடாசிட்டி இல்லாமலே சோதிக்கலாம். டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி முறையில் பதித்த டிடிஎஸ் சிடி என்று ஒரு வகை உண்டு. அதிலுள்ள தகவல் சாதாரண 44.1, 16 பிட் ஆடியோ போலவே வேஷம் போட்டிருக்கும். எண்கள் மாறாமல் போனால் ரிசீவர் அதை அடையாளம் கண்டு டிடிஎஸ் விளக்கை எரிக்கும். ஷேர்டில் விண்டோஸ் வால்யூமை ஒரு புள்ளி இறக்கிப் பாருங்கள், விளக்கு அணைந்து வெறும் இரைச்சல் கொட்டும். அதனால் சத்தத்தை முதலிலேயே நன்றாகக் குறைத்து வையுங்கள். ஹெட்போனில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், காது போய்விடும்.

8 மார்ச், காலை 8:00

ஜிட்டர் பற்றி மூன்று பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். "எண்கள் ஒன்றாக இருந்தாலும் வந்துசேரும் நேரம் பிசகுகிறது, எக்ஸ்க்ளூசிவ் அதைச் சரிசெய்கிறது" என்பது வாதம்.

நேரம் முக்கியம்தான். ஆனால் அந்த நேரத்தை வைத்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இப்போது விற்கும் யூஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் வகை. கடிகாரம் டாக்குக்குள் இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று டாக் கணினிக்குச் சொல்கிறது, கணினி மூட்டை மூட்டையாக அனுப்புகிறது, டாக் அதைத் தன் பஃபரில் சேர்த்துவைத்துத் தன் கடிகாரத்துக்கு ஒவ்வொன்றாக எடுக்கிறது. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதல்லவா, அதே ஏற்பாடு. ப்ளேயர் எந்த மோடில் மூட்டையைக் கொடுத்தது என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியவே தெரியாது.

தொட்டி காலியானால் கதை வேறு. அப்போது படபடவென்று வெடிக்கும், துண்டு துண்டாக அறுபடும். தொனி மெருகேறுவதோ மங்குவதோ அதில் வராது. அந்த வெடிப்புக்குப் பலமுறை காரணம் ஒலி டிரைவரே இல்லை. வைஃபை டிரைவர் புராசசரைச் சில மில்லி விநாடி பிடித்துவைத்துக்கொள்ளும். லேட்டன்சிமான் என்ற இலவச நிரலை ஓடவிட்டால் யார் என்று காட்டிக்கொடுக்கும். பஃபரைப் பெரிதாக்கினாலும் போகும்.

9 மார்ச், இரவு 9:15

"காதால் கேட்டுச் சொல்" என்பவர்களுக்கு. நானும் காதைத்தான் நம்புகிறேன், கண்ணைக் கட்டிய காதை.

ஃபூபாரின் ஏபிஎக்ஸ் கருவி, எது எது என்று காட்டாமல் கேட்கவைத்து இரண்டு கோப்புகளைத்தான் ஒப்பிடும். இரண்டையும் ஒரே மோடில்தான் ஓட்டும். ஆகவே மோடை நேராக அதில் சோதிக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன முறையில் ஒவ்வொரு மோடிலும் பதிவுசெய்த கோப்புகள் கையில் இருக்கின்றனவே! அவற்றை ஏபிஎக்ஸில் போட்டேன். எக்ஸ்க்ளூசிவுக்கும், ரேட்டும் எஃபெக்ட்டும் ஒழுங்காக வைத்த ஷேர்டுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எஃபெக்ட் ஆன் செய்த பதிவை ஒவ்வொரு முறையும் பிடித்தேன், சிரமமே இல்லை.

செய்பவர்கள் 16 சுற்றாவது செய்யுங்கள். 12 சரியாக வந்தால், குருட்டு யோகத்தில் அப்படி வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. சத்த அளவை 0.1 டெசிபலுக்குள் சமமாக்கிய பிறகே தொடங்குங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது "சத்தம் கூட" என்று சொல்லாது, "தெளிவு கூட" என்றுதான் சொல்லும். எஃபெக்ட்களும் மோட்களும் சத்த அளவைக் கொஞ்சம் மாற்றிவிடுவதால்தான் பாதிச் சண்டை.

ஹை-ரெஸ் (சிடியைவிட அதிக பிட், ரேட் கொண்ட) கோப்பு வாங்கலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி. 2007-இல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற ஹை-ரெஸ் தட்டுகளை நேராகவும், நடுவே 16 பிட் 44.1 வளையம் ஒன்றைப் புகுத்தியும் கேட்கவைத்தார்கள். 554 சுற்றில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். மிக அமைதியான அறையில், சத்தத்தை வழக்கத்துக்கு மேல் ஏற்றிய போதுதான் வளையத்தின் இரைச்சல் தெரிந்தது. நல்ல மாஸ்டரிங்குக்காக ஹை-ரெஸ் வாங்குங்கள், எண்ணுக்காக வேண்டாம்.

11 மார்ச், இரவு 8:40

தலைப்பைவிட்டு ஒதுங்குகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். "எக்ஸ்க்ளூசிவ் போட்டும் உம்மென்ற இரைச்சல் போகவில்லை" என்று எழுதியவரே, சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப். லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையம் போட்டுக்கொள்கின்றன. எந்த டிரைவரும் இதைத் தொட முடியாது. ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆப்டிக்கலுக்கு மாறலாம். மூன்றாவது பின்னை உடைத்துவிடும் வைத்தியம் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பின் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது.

12 மார்ச், காலை 7:45

வீட்டில் பாடிப் பதிவுசெய்பவருக்கு என் பதில் வேறு. உங்களுக்கு மோட் மிக முக்கியம், தரத்துக்காக அல்ல, தாமதத்துக்காக. 44.1-இல் 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லி விநாடி, 128 என்றால் 2.9. போக ஒன்று, வர ஒன்று, மேலே கன்வர்ட்டரின் தாமதம். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். 20 மில்லி விநாடி தாமதம் என்றால் தாளம் போடுபவர் ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளி உட்கார்ந்த மாதிரி. துரித காலத்தில் பாட்டு தளும்பும். இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் சொந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள். ஏசியோ4ஆல் என்பது விண்டோஸின் சாதாரண டிரைவருக்கு மேல் போட்ட போர்வை, சொந்த டிரைவர் இல்லாத இடத்துக்கு நல்ல கைத்தடி.

13 மார்ச், இரவு 10:10

புளூடூத் ஹெட்செட்காரர்கள் இவ்வளவையும் படித்துக் குழம்ப வேண்டாம். எண்கள் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அங்கே எஸ்பிசி, ஏஏசி போன்ற சுருக்கு முறைகளில் மறுபடி சுருக்கித்தான் காற்றில் அனுப்புவார்கள்.

ஆனால் மோட் மாறினால் தரம் படுபாதாளத்துக்குப் போகும் இடம் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். பெரும்பாலான ஹெட்செட்களில், மைக்கை ஏதாவது ஒரு நிரல் திறந்த கணமே, ஸ்டீரியோ இணைப்பு போய் ஹேண்ட்ஸ்ஃப்ரீ இணைப்பு வரும். மோனோ, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட். அதில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலி எட்டும். ஜால்ராவும் கஞ்சிராவின் சலங்கையும் காணாமல் போகும். மீட்டிங் ஆப்பில் மைக்குக்கு லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்செட்டில் ஸ்டீரியோ திரும்பிவிடும். மீட்டிங் வந்ததும் பாட்டின் சத்தம் அமுங்குவதும் தனி விஷயம். பழைய சவுண்ட் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தில், மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பது டீஃபால்ட்டாக இருக்கும். எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள்.

15 மார்ச், மாலை 6:20

லினக்ஸ்: பைப்வயர் என்ற ஒலி சேவை டீஃபால்ட்டாக 48-இல் ஓடுகிறது. அனுமதிக்கும் ரேட்களின் பட்டியலில் 44100-ஐயும் சேர்த்துவிட்டால், வேறு எதுவும் ஓடாதபோது பாட்டுக்கேற்ப மாறிக்கொள்ளும். மேக்: ஆடியோ மிடி செட்அப்பில் ரேட்டைக் கையால் வையுங்கள்.

விண்டோஸில் எந்த ரேட் வைப்பது? சிடியிலிருந்து எடுத்த கோப்புகள் அதிகம் என்றால் 44.1. யூடியூப்பே கதி என்றால் 48, அங்கே பிரவுசருக்கு வருவது பெரும்பாலும் ஓபஸ் என்ற சுருக்கு வடிவம், அது 48-இல்தான் டீகோட் ஆகிறது.

16 மார்ச், இரவு 9:30

"அப்படியானால் எக்ஸ்க்ளூசிவை விட்டுவிடலாமா?" நான் விடவில்லை, இன்றும் அதில்தான் கேட்கிறேன். ஆலாபனையின் நடுவே மெயில் வந்த மணி அடிக்காது. 44.1, 96 என்று கலந்து கிடக்கும் என் கோப்புகளுக்கு ரேட் தானாக மாறுகிறது. லிமிட்டரைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒலி மெருகேறும் என்பதற்காக வைத்திருக்கவில்லை. ஒரே தொல்லை, ப்ளேயர் சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பிரவுசரில் வீடியோ ஓடினால் சத்தம் வராது, சிலசமயம் வீடியோவே நகராது. பலர் டிரைவர் கெட்டுவிட்டது என்று விண்டோஸையே மறுபடி போட்டிருக்கிறார்கள். ப்ளேயரில் ஸ்டாப் அழுத்தினால் போதும். பாஸ் போதாது, பல ப்ளேயர்கள் பாஸில் பிடியை விடுவதில்லை.